வெல்லத்தோடு போன பல்

பல்லின் மேல் ஒட்டுகிற வெனீர் என்பது, செல்போனுக்கு ஒட்டுகிற டெம்பர்ட் கிளாஸ் மாதிரிதான் என்று போன தை மாதம் வரை முழு மனதாக நம்பிக்கொண்டிருந்தேன். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் ஓரத்தில் நகத்தை விட்டு உரித்துப் போட்டுவிடலாம். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பீளமேட்டில் இருபது வருடமாகப் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். எந்தச் சுவருக்கு எந்தப் பூச்சு என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற வாய் இது. அந்த வாய்க்குள் என்ன பூசுகிறார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

என் முன்பற்களில் சின்ன வயதிலிருந்தே பழுப்புக் கோடுகள் உண்டு. நாங்கள் குடித்து வளர்ந்த போர்வெல் தண்ணீரின் உபயம். என்ன தேய்த்தாலும் போகாது. அதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்தக் கூட்டத்திலும் முதலில் ஜோக் அடிப்பது நான்தான். எல்லாரும் வாய்விட்டுச் சிரிக்கும்போது கர்ச்சீப்பை எடுத்து வாயில் வைத்துக்கொள்வதும் நான்தான். புதிதாகப் பார்ப்பவர்கள், பாவம், இவருக்குத் தீராத இருமல் போலிருக்கிறது என்று நினைப்பார்கள். நானும் ஒன்றிரண்டு முறை இருமி அதை உறுதி செய்வேன்.

ஒரே மகளுக்குச் சென்னிமலையில் பெட்ஷீட் வியாபாரம் செய்கிற குடும்பத்தில் வரன் முடிவானது. மகள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"அப்பா, என்ற கல்யாண ஆல்பத்துல நீங்க இருக்கோணும். உங்க கர்ச்சீப்பு இருக்கப்படாது."

மறுநாளே போய் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஏரியா பல் டாக்டரம்மா எனக்குப் பழக்கம்தான். அவர் கிளினிக் சுவருக்குப் பெயின்ட் போனது என் கடையிலிருந்து. அவர் பொறுமையாகச் சொன்னார்.

"ஏனுங்க சார், ஒட்டறதுக்கு முன்னால பல்லோட மேல்பரப்ப மெல்லிசாச் சீவி எடுக்கோணுங்க. சீவுனது மறுபடி வளராது. பின்னால வேண்டாம்னு உரிச்சுப்போட முடியாதுங்க. பல வருசம் வரும், ஆனா என்னிக்காச்சும் மாத்த வேண்டியும் வரும். யோசிச்சுச் சொல்லுங்க."

நான் தலையாட்டினேன். சுவரின் ஓட்டை விரிசலைப் பட்டி பூசி அடைத்து, பிரைமர் அடித்து, காயவிட்டுத்தான் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று நான் சொல்லும்போது கஸ்டமர்கள் ஆட்டுவார்களே, அதே தலையாட்டல். பார்க்கக் கேட்டது மாதிரி இருக்கும். ஒரு வார்த்தை உள்ளே போயிருக்காது.

அடுத்து கலர். பல் பல்லாகக் கோர்த்த ஷேடு கார்டை நீட்டினார். என் தொழிலாயிற்றே! டக்கென்று கடைசியில் இருந்த பளீர் வெள்ளையைத் தொட்டேன். டாக்டரம்மா எழுந்து வந்தார். கையில் கண்ணாடியைக் கொடுத்து என்னை ஜன்னலோரம் அழைத்துப்போய், அந்த மாதிரிப் பல்லை என் உதட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். வெயிலில் பார்த்தால் கருத்த சுவரில் புது சுவிட்ச் போர்டு வைத்தது மாதிரி இருந்தது.

"என்ற கிளினிக்குக்குக் கலர் பாக்க வந்தப்ப நீங்க என்ன சொன்னீங்க? டியூப்லைட்டுல பாக்காதீங்க, பகல் வெளிச்சத்துல பாருங்க, அட்டைல தெரியறத விடச் செவுத்துல அடிச்சா இன்னும் தூக்கலாத் தெரியும்னு சொன்னீங்கல்ல?"

என் சரக்கு எனக்கே திரும்பி வந்தது. கண்ணின் வெள்ளையை விடப் பல் வெளுப்பாக இருந்தால் ஒட்டுவேலை என்று காட்டிக்கொடுத்துவிடும் என்றார். இரண்டு படி இறங்கி, பால் கலரில் ஒன்றைப் பார்த்து முடிவு செய்தோம்.

அசல் வெனீர் ஓடுகள் லேபிலிருந்து வரப் பத்து நாள் ஆகும், அதுவரை தற்காலிக ஓடுதான் என்றார். அந்தப் பத்து நாளுக்குள் எங்கள் வீட்டு உப்புச்சர்க்கரை வந்தது. "விசேசம் முடிஞ்சு வாங்களேன் சார்" என்றவரிடம், விசேஷத்துக்குத்தானே பல்லே என்று அடம்பிடித்தது நான்தான். ஆறு பல்லைச் சீவி, மேலே தற்காலிக ஓடு மாட்டி அனுப்பினார். முன்பல்லால் எதையும் கடிக்கக் கூடாது, கடினமானதைப் பிட்டுக் கடைவாயில் போட வேண்டும், பல்லால் பாக்கெட் கிழிக்கக் கூடாது, நகம் கடிக்கக் கூடாது, மெதுவான பிரஷ்தான், ஓடு கழன்றால் தொலைக்காமல் டப்பாவில் போட்டுக் கொண்டுவர வேண்டும், பசை போட்டு ஒட்டிக்கொள்ளக் கூடாது. கடைசி விதியைச் சொல்லும்போது மட்டும் என் கண்ணை நேராகப் பார்த்தார். கடையில் எட்டு வகைப் பசை வைத்திருப்பவனை அவருக்குத் தெரியாதா?

உப்புச்சர்க்கரை என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. சம்பந்தம் உறுதியானதற்கு அடையாளமாக உப்பும் வெல்லமும் கைமாறும். எங்கள் வீடுகளில் அந்த வெல்லத்தை உடைத்து ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டுக்கொள்வோம். மிச்சத்தை மஞ்சள் துணியில் முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய், அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் பாயசம் வைத்து சாமிக்குப் படைப்பார்கள். ஒருமுறை கைமாறியதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கேட்டால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம்.

அன்று காலையில் எங்கள் வீட்டில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. சம்பந்தி என் கையில் ஒரு துண்டு கொடுத்தார். துண்டா அது? பாதி செங்கல். நானும் ஜோக் அடித்துக்கொண்டிருந்த ஜோரில் முன்பல்லால் நறுக்கென்று கடித்துவிட்டேன். கடித்த பிறகுதான் டாக்டரம்மா முகம் ஞாபகம் வந்தது. மிச்சத் துண்டை என்ன செய்வது? சட்டைப் பையில் போட்டால் பட்டுச் சட்டை வீண். கீழே போட்டால் அபசகுனம். யாரும் பார்க்காத நேரத்தில் அந்த எச்சில் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு, கர்ச்சீப்பால் வாயைத் துடைத்து, பழக்கத்தில் அதை வாய்மேலேயே வைத்துக்கொண்டு சிரித்தேன். தட்டில் இருந்ததையெல்லாம் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். பகல் விருந்தில் எல்லாவற்றையும் பிட்டுக் கடைவாயிலேயே போட்டுக்கொண்டேன். விருந்து முடிந்து அவர்கள் காரேறிப் போய்விட்டார்கள்.

பிறகு வாய் கொப்பளிக்கப் போனேன். வாயில் தண்ணீர் ஊற்றியதும் சுரீர் என்று ஒரு வலி, மண்டை வரைக்கும். கண்ணாடியில் பார்த்தேன். நடுப்பல் ஒன்றில் ஓடு இல்லை. சீவிய பழுப்புப் பல் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

என் மூளை அப்போது வேலை செய்த வேகத்தில் வருடம் பூராவும் செய்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். ஓடு அந்த எச்சில் துண்டில்தான் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது. சாயங்காலம் பாயசத்தில் விழப்போகிறது. சாமிக்கு எச்சில் படையல். அதைக் குடிக்கிற யாரோ ஒருவர் வாயில் பெண்ணின் அப்பாவுடைய பல். அப்புறம் எங்கே கல்யாணம்? மகளின் முகம் ஒரு தரம் கண் முன்னால் வந்து போனது.

மனைவியிடம் சொன்னேன். சீவிய பல்லின் மேல் கடைப் பட்டியைத் தற்காலிகமாகப் பூசிக்கொண்டு போகலாமா என்றும் ஒரு யோசனை கேட்டேன்.

"நல்லாப் பூசிட்டுப் போங்க. காஞ்சதும் ரெண்டு கோட்டு பெயின்ட்டும் அடிச்சுக்கலாம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "புள்ளைக்குத் தெரியறதுக்குள்ள போய்ட்டு வந்துருங்க. என்ன பேசறதுன்னு வழியில யோசிங்க, அங்க போயி வாய்க்கு வந்ததப் பேசிப்போடாதீங்க" என்றாள்.

கடை வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் நாக்கு அந்தச் சீவிய பல்லையே துழாவிக்கொண்டிருந்தது. முன்னால் போன ஒவ்வொரு காரும் சம்பந்தி காராகத் தெரிந்தது. அவினாசி தாண்டியதும் இன்னொரு பயம்: வெல்லத்தோடு நானே முழுங்கியிருந்தால்? ஓரங்கட்டி நிறுத்தி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"இருமல் இருக்குதுங்களா? மூச்சு விட ஏதாச்சும் சிரமம்?"

"இல்லீங்க. வயித்துல குத்தறாப்பல இருக்குதுங்க."

"மத்தியானம் என்ன சாப்டீங்க?"

"விருந்துங்க. பருப்புப் பூரணம் வெச்ச ஒப்புட்டு ரெண்டு... மூணு."

"அதுதானுங்க குத்துது. ஓடு வயித்துக்குள்ள போயிருந்தாப் பெரும்பாலும் தானா வெளிய வந்துரும். இருமலோ மூச்சுத் திணறலோ வந்தா மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. காலைல என்னைய வந்து பாருங்க. அப்பறம் சார்... பசை கிசை தொட்டுப்போடாதீங்க."

சென்னிமலை போய்ச் சேர்ந்தபோது மணி நாலு இருக்கும். சம்பந்தி வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்பில் பால் கொதிக்கிற வாசனை. அது மூக்கில் ஏறியதும் வழியில் தயார் செய்து வைத்திருந்த மூன்று பொய்களும் மறந்துபோயின. கர்ச்சீப்பை வாயில் அழுத்திக்கொண்டு, வரவேற்பறையில் நின்றபடியே சொன்னேன்.

"சம்மந்தி, அந்த உப்புச்சக்கரை மூட்டையக் கொஞ்சம் திருப்பிக் குடுத்துருங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. சம்பந்தி கையில் வைத்திருந்த தண்ணீர்ச் சொம்பு அப்படியே நின்றது. சமையலறை வாசலுக்கு வந்த மாப்பிள்ளையின் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா டிவியை அணைத்தார். மாப்பிள்ளைப் பையன் படியில் பாதி இறங்கியவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஏனுங்க சம்மந்தி," என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. "எங்க பக்கம் என்னங்க தப்பு? மரியாதைல ஏதாச்சும் குறை வெச்சுப்போட்டமா?"

எனக்கு வேறு வழி இல்லை. கர்ச்சீப்பைக் கீழே போட்டுவிட்டு வாயைத் திறந்தேன். பழுப்புக் கோடுகளையே முப்பது வருடமாக யாருக்கும் காட்டாதவன், சீவிய பல்லோடு ஈயென்று நாலு பேருக்கு முன்னால் நின்றேன். ஓடு ஒட்டியது, வெல்லம் கடித்தது, எச்சில் துண்டைத் தட்டில் வைத்தது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன்.

சம்பந்திதான் கேட்டார்:

"அப்ப... கல்யாணம் உண்டுங்கள்ல?"

"ஐயோ, உண்டுங்க! நூறு தரம் உண்டுங்க!"

அவர் சொம்பிலிருந்த தண்ணீரைத் தானே மடமடவென்று குடித்தார். மாப்பிள்ளையின் அம்மா உள்ளே போய் ஒரு கிண்ணத்தோடு வந்தார். அதில் ஒற்றை வெல்லத் துண்டு, என் பல்தடத்தோடு.

"மூட்டையப் பிரிச்சதுமே பாத்துட்டனுங்கண்ணா. ஏதோ குழந்தை கடிச்சு வெச்சிருக்குதாட்டம்னு எடுத்துத் தனியா வெச்சுப்போட்டேன். இந்தக் குழந்தைன்னு தெரியலீங்க."

பெரியப்பாதான் முதலில் சிரித்தார். அம்மா குழவியை எடுத்து அந்தத் துண்டைப் பொடிப்பொடியாக நசுக்கினார். நாலு தலைகள் கிண்ணத்தின் மேல் குனிந்தன. ஒரு கரும்புச் சக்கை கிடைத்தது. ஓடு இல்லை.

அப்படியானால் வயிற்றுக்குள்தான் என்று நான் மறுபடி நெஞ்சைப் பிடிக்கப் போனபோது, படியிலிருந்து மாப்பிள்ளை, "மாமா, உங்க கர்ச்சீப்புல எறும்பு ஏறுதுங்க" என்றான்.

தரையில் கிடந்த கர்ச்சீப்பை நோக்கிச் சுவரோரத்திலிருந்து எறும்புகள் வரிசை கட்டி வந்துகொண்டிருந்தன. எடுத்துப் பிரித்தேன். காலையில் வாய் துடைத்த மடிப்பில், வெல்லப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு, பால் கலரில், பூசணி விதையளவு ஓடு. எண்பது கிலோமீட்டரும் என் பையிலும் வாயின் மேலுமாகப் பயணம் செய்து வந்திருக்கிறது.

அன்று அவர்கள் வீட்டுப் பாயசத்தைக் கடைவாயால் குடித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் டாக்டரம்மா அதைத் திரும்ப மாட்டிவிட்டார். அடுத்த வாரம் அசல் ஓடுகள் வந்தன. கடையில் பட்டிப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தவன் இப்போது கத்தரிக்கோல் வைத்திருக்கிறேன். வெல்லத்தைக் குழவியால் தட்டித்தான் தின்கிறேன். கல்யாண ஆல்பமும் வந்துவிட்டது. கர்ச்சீப் இல்லை, ஆனால் பாதிப் படங்களில் பழக்கதோஷத்தில் என் கை வாய்க்குப் பாதி தூரம் போய் நிற்கிறது. மகள் அதைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறாள்.

அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வரவேற்பறைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. என் வாய் அதைவிட அசிங்கமாக இருந்த நாள் கிடையாது. அதை நாலு பேர் நேருக்கு நேர் பார்த்தார்கள். ஒருத்தர்கூடப் பல்லைப் பற்றிக் கேட்கவில்லை. கல்யாணம் உண்டா என்றுதான் கேட்டார்கள்.