சங்கிலிப்பாண்டி செய்த கோன் யானை

சங்கிலிப்பாண்டிக்கு வாயில் கொழுக்கட்டை என்று மில்லே பேசும். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், நூலைக் காகிதக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங் வேலை. மெஷின் இரைச்சலில் அங்கே எல்லாரும் கையை ஆட்டித்தான் பேசுவார்கள். இவன் அந்தக் கையையும் ஆட்டமாட்டான். அதே வைண்டிங்கில் இருந்த வெள்ளத்தாயைக் கட்டினான். வீட்டில் ரெண்டு பேர் பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

எண்பத்தொன்பதில் ஒரு வெள்ளை நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பேர் ஜிம்மி. வெள்ளத்தாயின் அப்பா வேல்சாமி, வன்னியம்பட்டியிலிருந்து வந்தவர், மகளுக்கென்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வாங்கிய பால்கோவாவை அது பொட்டலத்தோடு தின்று தீர்த்தது. வெள்ளத்தாய் விளக்குமாற்றை ஓங்கினாள். என்றைக்கும் பேசாத மனுசன் அன்றைக்குப் பார்த்தா வாயைத் திறக்கணும்?

"விடு, வாயில்லாச் சீவன்."

"அப்ப வாயில்லாததுக ரெண்டும் சேந்து குடும்பம் நடத்துங்க! நீங்களா வந்து நாலு வார்த்தை சொல்லிக் கூப்புடாம இந்த வாசப்படிய மிதிக்கமாட்டேன்" என்று அப்பாவோடேயே பஸ் ஏறிவிட்டாள்.

நாலு வார்த்தைக்கு அவன் எங்கே போவான்? வாய் ஏலாது, கையாலாவது சொல்வோம் என்று தோன்றியது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போனால் வெள்ளத்தாய் சாமியைவிட யானையிடம்தான் அதிக நேரம் நிற்பாள். ஒரு யானை செய்து கொண்டு போனால் மனசு இறங்காதா?

நசுங்கியதென்று மில்லில் ஒதுக்கிய காகிதக் கோன்களை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கினான். அகலப் பக்கம் தரையில் படிய நாலு கோன், நாலு கால். பழைய பேப்பரை உருட்டி மைதாப் பசை தடவி வயிறு. காலண்டர் அட்டையில் காது. எல்லாம் சரி, தும்பிக்கையில்தான் வந்தது வினை. கோன் வளையுமா? வளைத்தால் ஒடியும். விறைப்பாக நேரே நீட்டிக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டுக் குருசாமி எட்டிப் பார்த்தார்.

"ஏலே, அச்சு அசல் உன் ஜிம்மிதாம்லே!"

சங்கிலிப்பாண்டி யானையைத் திருப்பிப் பார்த்தான். நாயால் போனவளுக்கு நாயையே கொண்டு போய்க் கொடுக்கவா? தும்பிக்கையைப் பிடுங்கி மேலே தூக்கி ஒட்டினான். இப்போது ஊளையிடுகிற நாய். கீழே இறக்கினான். மோப்பம் பிடிக்கிற நாய். இந்தக் கூத்துக்கு நடுவே பசையை மோந்து வந்த அசல் நாய் யானையின் ஒரு காலைக் கடித்துக் குதறிவிட்டது. மிச்சமிருந்த வேறொரு கோனை ஒட்டிக் கட்டைப்பையில் போட்டுக் கிளம்பினான்.

வன்னியம்பட்டியில் வேல்சாமி வாசலிலேயே பையைத் திறந்து பார்த்தார். "வாங்க மாப்ளே. நாயவும் கூட்டிட்டு வந்துட்டியளாக்கும்."

வெள்ளத்தாய் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யானையா?"

அப்பாடா! வேகமாகத் தலையாட்டினான். அதற்குள் அவள் அதைக் கவிழ்த்து, வயிற்றில் கால் ஒட்டிய இடத்தைப் பார்த்துவிட்டாள்.

"மூணு கால் பச்ச நுனி, ஒரு கால் செவப்பு நுனி! எந்தக் கூறுகெட்ட வைண்டர் இப்படிக் கலப்பான்?"

இன்ன நம்பர் நூலுக்கு இன்ன கலர் நுனி வைத்த கோன் என்பது மில் சட்டம். மாறிப்போனால் வைண்டிங்கில் அதைவிடப் பெரிய குத்தம் கிடையாது. பச்சை தீர்ந்துபோச்சு என்று ஒரு பொய் சொன்னால் தப்பித்திருப்பான். பொய் சொல்லவும் வாய் வேண்டுமே!

"ஜிம்மி கடிச்சிட்டுது" என்றான். சொன்னதும் அடைப்பு எடுத்த மாதிரி மிச்சமும் வந்தது. "கோவத்துல ஓங்கி ஒண்ணு வச்சுட்டேன். போயி கட்டிலுக்கடியில படுத்துக்கிட்டுது. சோறு வச்சேன், திங்கல. எனக்கும் எறங்கல. நீ இல்லாம வீடு வீடாவே இல்ல, வெள்ளத்தாயி. நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

கல்யாணம் ஆனதிலிருந்து அவன் சேர்ந்தாற்போல் இம்புட்டுப் பேசியதில்லை. வேல்சாமி வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

வெள்ளத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை முறைத்தாள்.

"வாயில்லாச் சீவனப் போயா அடிச்சிய?"

உள்ளே போய்த் துணிப்பையோடு வந்தாள். யானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறும்போது பால்கோவா ரெண்டு பொட்டலம் வாங்கினாள்.

"இது நமக்கு" என்று ஒன்றை அவன் கையில் வைத்தாள். "இது அந்த மூதேவிக்கு. பட்டினியா கெடக்குல்லா."