மருதாயி வீட்டு நடுச்சுவர்

வரிசை வீடான எங்கள் லயத்தைக் கட்டியவனுக்குக் கல் பற்றாமல் போயிருக்க வேண்டும். காம்பரா என்கிற ஒற்றை அறைகளின் நடுச்சுவர் எதுவும் கூரை வரை எட்டாது. முதல் காம்பராவில் தும்மினால் கடைசிக் காம்பராவிலிருந்து "ஆயுசு நூறு" என்பார்கள்.

இலங்கையில் தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் நாங்கள். பக்கத்துக் காம்பரா மருதாயி பால் வெட்டுகிறவள், ஐம்பதைத் தாண்டியவள். வாய் என்றால் அப்படியொரு வாய்! அவள் புருஷன் மூக்கையா பேசி நான் கேட்டதில்லை, இடம் கிடைத்திருக்காது. அவளுக்கு அந்தப் பக்கம், கடைசிக் காம்பராவில், சுரேந்திரனும் அவன் பெண்சாதி தனுஜாவும்.

சுரேந்திரன் வெளியில் தங்கமான பிள்ளை. கசிப்புச் சாராயம் உள்ளே போனால் கை நீளும். தொண்ணூற்றேழில் தனுஜா வயிற்றில் நாலு மாதக் கரு கலைந்தது. படியில் வழுக்கி விழுந்தாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னான். எங்கள் லயத்தில் படியே கிடையாது.

தொண்ணூற்றெட்டில் மறுபடி உண்டானாள். இந்தத் தடவை அடிகிடி பட்டால் பிள்ளையோடு தாயும் போய்விடுவாள் என்று மிட்வைஃப் நோனா சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து மருதாயி சுவருக்கு மேலால் குடித்தனம் நடத்த ஆரம்பித்தாள்.

"கறியில உப்பு எங்கடி?" என்று சுரேந்திரன் கத்துவான்.

"இந்தா தம்பி!" என்று மருதாயி வீசும் உப்புப் பொட்டலம் அவன் காலடியில் போய் விழும்.

"இவ்வளவு நேரம் யாரோடடி பேசிக்கிட்டு நின்ன?"

"என்னோடதான் நின்னா, தண்ணி புடிக்கிற பீலிக்கரையில. ஒன்னப் பத்தித்தான் பேசினோம். சொல்லவா?" என்பாள் மருதாயி.

சண்டை முற்றினால் பால் வாளியை எடுத்து டமார் டமார் என்று தட்டுவாள். நானும் தட்டுவேன். பிறகு லயமே தட்டும். கோயில் திருவிழா தோற்றது போங்கள்! அந்த இரைச்சலில் எந்த மனுஷன் பெண்சாதியை அடிப்பான்? வெறுத்துப்போய்க் குப்புறப் படுத்துவிடுவான்.

நாலைந்து மாதம் இப்படி ஓடியது. பிறகு சுரேந்திரன் சங்கத் தலைவரிடம் போனான்.

"மானம் போவுதுங்க தலைவரே. சொந்தப் பொண்டாட்டிய ஒரு வார்த்த ஏச முடியல. சுவர ஒசத்தணும்."

ஆம்பிளைகள் அத்தனை பேருக்கும் அது நியாயமாகப் பட்டதே, அதைச் சொல்லுங்கள்! மூன்று வருஷமாகக் கூரை ஒழுகுகிறது, ஒரு தகரம் மாற்ற நாதியில்லை. இதற்கு மட்டும் கக்கூஸ் கட்டி மிஞ்சிய கல்லும் சீமெந்தும் ஒரே வாரத்தில் வந்து இறங்கின. மருதாயியோ வாயே திறக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை சுரேந்திரன் பீப்பாய் மேல் ஏறி நின்று, விசில் அடித்துக்கொண்டே கல் வைத்தான். தனுஜா வயிற்றைத் தள்ளிக்கொண்டு எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். கடைசி வரிசை ஏறும்போது, கிளினிக் அட்டையையும் இரண்டு சட்டையையும் சேலையில் சுற்றிக்கொண்டு மருதாயியின் காம்பராவுக்குள் நுழைந்தாள்.

"மாமி, நான் இந்தப் பக்கம் இருந்துக்கவா?"

"இதக் கேக்க ஒனக்கு இவ்வளவு நாளாடி!" என்றாள் மருதாயி. மூக்கையா பாயைச் சுருட்டிக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணைக்குப் போனார்.

சுரேந்திரன் பூசி முடித்து இறங்கி, "தனுஜா, தேத்தண்ணி!" என்றான். தேத்தண்ணி வரவில்லை. சுற்றி வந்து பார்த்தான். மருதாயி வாசலில் நாங்கள் எல்லோரும் வாளியோடு உட்கார்ந்திருந்தோம்.

"ரெண்டு நாள்ல தானா வருவா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். அவள் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனதும் அங்கிருந்துதான், பெண் பிள்ளையோடு வந்து சேர்ந்ததும் அங்கேதான். அந்தப் பிள்ளைக்கு என்ன தொண்டை! எங்களில் ஒருவருக்கும் தூக்கமில்லை.

ஒரு நாள் பின்னேரம் இஸ்தோப்பில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சுரேந்திரன் மெதுவாக வந்து நின்றான். குடித்திருக்கவில்லை.

"அக்கா, புள்ள அழுவுதாக்கா? சுவருக்கு எம் பக்கம் ஒன்னுமே கேக்க மாட்டேங்குது."

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் முறத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"நல்லா அழுவுது" என்றேன்.