முன் ஷாஃப்ட் இல்லாமல் திண்டிவனத்திலிருந்து அறுபத்தாறு கிலோமீட்டர்

கடந்த ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு அந்தோணி போன் செய்தார். அவருடைய அண்ணன் ஆரோக்கியசாமி விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார் என்றார். இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஆரோக்கியத்தைத் தெரியும். வால்பாறை, ஏற்காடு, கொல்லிமலை என்று நான் எழுதிய பயணங்களில் பாதிக்கு மேல் என் பக்கத்து இருக்கையில் இருந்தவர். கல்லூரிக் காலத்து நண்பர். திருவெண்ணெய்நல்லூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பள்ளி ஆசிரியர். ஐம்பத்து நான்கு வயது.

மழைக்காலம், வைத்திருக்க முடியாது, அன்று மாலை நான்கு மணிக்கே அடக்கம் என்று முடிவு செய்திருந்தார்கள். அந்தோணி இன்னொன்றும் கேட்டார். தாம்பரத்தில் தனியாக இருக்கும் அவர்களுடைய அக்கா லூர்து மேரியை நான் அழைத்து வர முடியுமா என்று. நானும் தாம்பரம்தான். "கண்டிப்பா கூட்டிக்கிட்டு வர்றேன்" என்றேன்.

லூர்து அக்கா தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்து மூன்று வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்து கைத்தடியோடு நடக்கிறார். காலை 10.15-க்கு அவர் வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டேன். மடியில் ஒரு துணிப்பை, அதில் தம்பிக்குப் போர்த்தக் கசங்காமல் மடித்து வைத்த ஒரு வெள்ளைத் துணி. அழுது முடித்த முகம்.

வண்டியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு வயதான டீசல் வண்டி. நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் இழுவை போகிற வகை. கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி உண்டு. அதிலிருந்து ஒரு நீண்ட இரும்புத் தண்டு பின் அச்சுக்கும், இன்னொன்று முன் அச்சுக்கும் போகும். முன்னால் போவதுதான் முன் ஷாஃப்ட். அதன் இரு முனையிலும் சிலுவை வடிவில் ஒரு இணைப்பு இருக்கும். மெக்கானிக்குகள் அதைக் 'கிராஸ்' என்பார்கள். அந்த இடத்திலிருந்து இரண்டு வாரமாக 'டக் டக்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியும். சனிக்கிழமை காட்டலாம் என்று தள்ளிப் போட்டேன். அந்தச் சனிக்கிழமையும் போனது, அடுத்ததும் போனது.

மதுராந்தகம் ஏரி நிரம்பியிருந்தது. வானம் சாம்பல் நிறத்தில் தொங்கியது. மேல்மருவத்தூரில் 11.40-க்கு நிறுத்தி அக்காவுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன். அவர் இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார். ஒலக்கூர் தாண்டியதும் 12.05 இருக்கும், காலுக்கு அடியில் 'டமார்' என்று ஒரு சத்தம். தொடர்ந்து வண்டி முழுக்க ஒரு நடுக்கம், யாரோ கீழிருந்து சுத்தியலால் அடிப்பதுபோல. ஓரம் கட்டிக் குனிந்து பார்த்தேன். முன் ஷாஃப்ட் கையால் ஆட்டினாலே ஆடியது. கிராஸ் உடைந்திருந்தது.

இருபது கிலோமீட்டர் வேகத்தில், அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு திண்டிவனம் வந்து சேர்ந்தோம். மரக்காணம் ரோட்டில் லோடு வண்டிகள் பார்க்கும் ஒரு பட்டறையைக் காட்டினார்கள். மணி 12.45. பட்டறைக்காரர் பெயர் சாதிக். என் வயதுதான் இருக்கும். சாக்கை விரித்துப் படுத்து வண்டிக்கு அடியில் போனவர், இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தார்.

"கிராஸ் தூளாயிடுச்சு சார். இதோட ஓட்டுனா ஷாஃப்ட் அவுந்து ரோட்டுல குத்தும். வண்டியே பல்டி அடிச்சிடும்."

"புது கிராஸ் கெடைக்குமா?"

"இந்த வண்டிக்கு இங்க கெடைக்காது. மெட்ராஸ்லேர்ந்துதான் வரணும், ரெண்டு நாள் ஆவும். ஒண்ணு பண்ணலாம். முன் ஷாஃப்ட்ட கழட்டிப் பின்னாடி போட்டுக்கினு போங்க. பின்சக்கரம் இழுத்துக்கினு போயிடும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"எட்டு போல்ட்டுதான சார். ஒரு மணி நேரம்."

பட்டறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, வண்டி இங்கியே கெடக்கட்டுமே. ஸ்டாண்டுல ஒரு கார புடிச்சிக்கினு போயிடலாமே. இல்லன்னா பஸ்ஸுல போவலாம்."

"பஸ்ஸுல உங்க கால் தாங்காதுக்கா. ஒரு மணி நேரம்தான். ரெண்டு மணிக்குக் கிளம்பினாலும் மூணரைக்குள்ள போயிடலாம்."

கால் தாங்காது என்பது உண்மைதான். வாடகைக் கார் பிடிப்பதற்கு என்ன தடை என்று இப்போது யோசித்தால், ஒன்றுமில்லை. தெரியாத ஊரில், தெரியாத பட்டறையில் என் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம்.

சாதிக் முதலில் ஷாஃப்டின் இரு முனையிலும் வெள்ளை பெயின்டால் ஒரு கோடு போட்டார். திரும்ப மாட்டும்போது அதே இடத்தில் உட்கார வேண்டும், மாறினால் உதறும் என்றார். அச்சுப் பக்கத்து நான்கு போல்ட்டும் இருபது நிமிடத்தில் வந்துவிட்டன. பெட்டிப் பக்கத்து நான்கில் இரண்டு அசையவே இல்லை. பன்னிரண்டு வருடத் துரு. எண்ணெய் விட்டார், தட்டினார், சூடு வைத்தார். ஒரு போல்ட்டின் தலை வழுக்கி உருண்டையாகிவிட்டது. அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டும், அதற்குப் புகைக்குழாயைக் கொஞ்சம் இறக்க வேண்டும்.

1.50-க்கு அந்தோணி போன் செய்தார். "எங்க வந்துக்கினு இருக்கீங்கண்ணே?"

சொன்னேன். "நான் வேணா இங்கேர்ந்து ஒரு வண்டிய அனுப்பட்டுமா?" என்றார்.

"வேணாம்பா, முடியிற கட்டத்துல இருக்கு. அரை மணி நேரத்துல கிளம்பிடுவோம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அக்கா துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தடியை ஊன்றி எழுந்து நின்றிருந்தார். "இதோ ஆயிடுச்சுக்கா" என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

ஷாஃப்ட் கழன்று கீழே வந்தபோது 2.55. சாதிக் அதைத் துடைத்து வண்டியின் பின்பக்கம் வைத்தார். நான் ஏறி இன்ஜினைக் கிளப்பி, கியர் போட்டு, கிளட்சை விட்டேன். வண்டி நகரவில்லை. இன்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, சக்கரம் சுற்றவில்லை.

"இன்னா சார் இது பேஜாரா இருக்குது" என்று தலையைச் சொறிந்தார் சாதிக். லோடு வண்டியில் அவர் இதைப் பார்த்ததில்லை. எனக்கும் தெரியவில்லை. இத்தனை வருடம் ஓட்டிய வண்டி. புதுச்சேரியில் மெக்கானிக்காக இருக்கும் தன் கூட்டாளிக்குப் போன் போட்டார். அவர்தான் விளக்கினார். இந்த வகை வண்டியில் இழுவை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிந்து போகும். முன்பக்கம் ஒன்றும் மாட்டாமல் வெறுமனே இருந்தால் இழுவை முழுவதும் அந்தப் பக்கமே வீணாகச் சுற்றும். நடுவில் இருக்கும் பூட்டைப் போட்டால்தான் பின்சக்கரத்துக்குப் போகும். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கம்பிதான் அந்தப் பூட்டு. கொல்லிமலைக்குப் பிறகு நான் அதைத் தொடவே இல்லை. இழுத்தேன். இறுகிப் போயிருந்தது.

சாதிக் மறுபடி அடியில் போனார். படுத்தபடியே கேட்டார்: "எங்க சார் போறீங்க? கோயிலுக்கா?"

"சாவுக்கு. அக்காவோட கூடப் பொறந்த தம்பி. நாலு மணிக்கு எடுக்கறாங்க."

வேலைச் சத்தம் நின்றது. அடியிலிருந்து தலையை வெளியே நீட்டி முதலில் அக்காவைப் பார்த்தார், பிறகு என்னை.

"இத மொதல்லியே சொல்றதில்லியா சார்? ஒரு மணிக்கே என் மச்சினன் கார்ல அனுப்பி இருப்பேனே. வண்டி எங்க போவப் போவுது?"

அவர் அப்போதே மச்சினனுக்குப் போன் செய்து பார்த்தார். கார் வாடகைக்குச் செஞ்சிப் பக்கம் போயிருந்தது. "ஜல்தியா முடிச்சிடறேன்மா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். மதியச் சாப்பாட்டைக்கூட அவர் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

3.50-க்குப் பூட்டுக் கம்பி இளகி இடத்தில் விழுந்தது. வண்டி நகர்ந்தது. கூலி 2,800 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். "அறுபதுக்கு மேல போவாதீங்க. நிறுத்துனா ஹேண்ட்பிரேக் போடுங்க, கியர மட்டும் நம்பாதீங்க" என்றார்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் புறவழிச்சாலை 38 கிலோமீட்டர். அங்கிருந்து திருச்சி சாலையில் அரசூர் கூட்டுரோடு 18. வலது பக்கம் திரும்பி ஊருக்கு 10. விக்கிரவாண்டி தாண்டும்போது மழை பிடித்தது. 4.25-க்கு அந்தோணி அழைத்தார். அக்காதான் எடுத்தார். மறுமுனையில் அந்தோணி கத்திப் பேசியது எனக்கும் கேட்டது. ஃபாதர் இன்னும் காத்திருக்கிறார், ஆனால் வெட்டிய குழியில் தண்ணீர் ஊறுகிறது, வாளியால் இறைத்துக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் விட்டால் கரை சரிந்துவிடும்.

"வெச்சிடுங்க" என்றார் அக்கா. "எனக்காகப் பாக்காதீங்க. புள்ள தண்ணில கெடக்கக் கூடாது. வெச்சிடுங்க."

போனை அணைத்துத் துணிப்பைக்குள் போட்டார். நான் அறுபதைத் தாண்டி அழுத்தினேன். "மெதுவாப் போ தம்பி. இனிமே இன்னா அவசரம்?" என்றார்.

5.20-க்குக் கல்லறைத் தோட்டத்து வாசலில் நிறுத்தினேன். மழை விட்டிருந்தது. ஆட்கள் செருப்பில் ஒட்டிய சேற்றைப் புல்லில் தேய்த்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மண் மூடியாகிவிட்டது. மேலே சாமந்தி மாலைகள் நனைந்து கிடந்தன. அக்கா தடியை என்னிடம் கொடுத்துவிட்டு அந்தோணியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஈரத்தில் மண்டியிட்டார். அந்த முழங்கால்களோடு எப்படி முடிந்தது என்று தெரியவில்லை. கொண்டுவந்த வெள்ளைத் துணியைப் பிரித்து மண்மேட்டின் மேல் விரித்தார். நாலு பக்கமும் இழுத்து, கசங்கல் இல்லாமல், நோயாளியின் படுக்கையைச் சரிசெய்வது போலச் சரிசெய்தார். துணியில் சேறு ஊறி ஏறியது.

அன்று இரவு அவர் ஊரிலேயே தங்கினார். நானும் தங்கி, மறுநாள் காலை கிளம்பும்போது மன்னிப்புக் கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"அவன் மூஞ்சிய ஒரு வாட்டி பாக்கணும்னுதான் கெளம்பினேன். கோவமே இல்லன்னு சொன்னா அது பொய். கோவம் இருக்குது தம்பி. கொஞ்ச நாள் போவட்டும். நானே போன் பண்றேன்."

மூன்று வாரம் ஆகிறது. இன்னும் அவர் அழைக்கவில்லை. நானாக அழைப்பது சரியா என்று தெரியாமல் இருக்கிறேன்.

இதே வகை வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். அடியில் 'டக் டக்' என்று கேட்டால் அன்றே காட்டுங்கள். கிராஸ் மாற்றுவது அரை நாள் வேலைதான், தாம்பரத்தில் நான்கு நாள் கழித்து அதை மாற்றிவிட்டேன். வழியில் உடைந்தால் முன் ஷாஃப்டைக் கழற்றிவிட்டுப் பின்சக்கர இழுவையில் போகலாம். எல்லா வண்டியிலும் இது முடியாது, உங்கள் வண்டியில் முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நடுப்பூட்டை மாதம் ஒருமுறையாவது போட்டு எடுங்கள், இல்லையென்றால் இறுகிவிடும். ஷாஃப்ட் இல்லாதபோது பூட்டு விலகினால், கியரில் நிறுத்திய வண்டிகூடத் தானாக உருளும்.

பேருந்தில் போக நினைப்பவர்களுக்கு: திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு எந்த நேரமும் பேருந்து உண்டு. விழுப்புரத்தில் மாறித் திருவெண்ணெய்நல்லூர் பேருந்து ஏற வேண்டும். அங்கிருந்து ஊருக்கு ஆட்டோ. எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஆகும் என்று அந்தோணி சொன்னார். ஒரு மணிக்கு ஏறியிருந்தால் மூன்றரைக்கு இறங்கியிருப்போம்.