நான் கணக்கை விட்ட விதம்

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் மகள் ஒரு கிராப் நோட்டை என் தட்டுக்குப் பக்கத்தில் தொப்பென்று போட்டாள். பிளஸ் ஒன் சேர்ந்து ஒன்றரை மாதம்தான் ஆகிறது. "மாமா, மேத்ஸ விட்டுட்டு காமர்ஸ் போயிடலாமான்னு பாக்குறேன். நீங்களும் விட்டீங்களாமே, எப்படி விட்டீங்க? வீட்ல எப்படி ஒத்துக்கினாங்க?" என்று கேட்டாள். குழந்தை கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நான் பாதி இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். "அதெல்லாம் பழைய கதை, விடு" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் சொந்தக்காரர் இல்லை என்பது ஒரு தைரியம்.

கிராப் தாளுக்கு ஒரு வாசனை உண்டு. எங்கள் வீடு முழுக்க அந்த வாசனையும் சிவப்பு மையின் வாசனையும்தான். அப்பா தறியில் உட்காரவில்லை. ஆரணியில் அவர் டிசைன் போடுகிறவர். புடவையின் கரையில் வரும் அன்னத்தையும் மாங்காயையும் முதலில் கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்புவார். அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் அட்டையில் ஓட்டை போடுவார்கள். தறிக்கு மேலே தொங்கும் அந்த அட்டைகள் சொல்கிறபடி இழை ஏறி இறங்கும். ஒரு கட்டம் தப்பினால் புடவை நெடுக அன்னத்தின் கழுத்து கோணிக்கொள்ளும். அப்பாவுக்கு ஒரு கட்டம்கூடத் தப்பியதில்லை என்பது எங்கள் தெருவில் எல்லாரும் சொல்லுகிற பேச்சு.

இதிலிருந்து எங்கள் சனம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. கட்டம் போடுகிறவர் பிள்ளைக்குக் கணக்கு தானாக வரும். இதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பத்தாம் வகுப்பில் நான் எண்பது வாங்கியதும் முடிவு உறுதியாகிவிட்டது. அந்த எண்பதில் பாதி மனப்பாடம் என்பது எனக்கு மட்டும் தெரியும். பிளஸ் ஒன்னில் ஃபர்ஸ்ட் குரூப் சேர்த்தார்கள். டிசைன் கேட்டு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா, "எம்பையன் இஞ்சினீருக்குப் படிக்கிறான். கட்டத்துலயே பொறந்தவனாச்சே" என்பார். முதல் மாதத் தேர்வில் கட்டத்திலேயே பிறந்தவன் வாங்கியது நூற்றுக்கு ஒன்பது.

கணக்கு சார் தேசூர்க்காரர். வயது இருபத்துநான்கு இருக்கும். நிரந்தர வேலை இல்லை. அரசாங்கம் ஆள் போடும்வரை பெற்றோர் ஆசிரியர் கழகம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த தற்காலிக வாத்தியார். நிலம் நீச்சு இல்லாத வீடு, அந்தத் தெருவிலேயே எம்.எஸ்ஸி. படித்த முதல் ஆள் அவர்தான் என்று வகுப்பில் பேசிக்கொள்வோம். தினமும் பஸ்ஸில் வருவார். வரும்போதே சட்டை முதுகு நனைந்திருக்கும். பெரிய ஞானி ஒன்றும் இல்லை. நகத்தைக் கடிப்பார், சீக்கிரம் கோபம் வரும், டஸ்டரைத் தொலைத்துவிட்டு எங்களைத் திட்டுவார். ஆனால் என் ஒன்பதைப் பார்த்துவிட்டு அவர் திட்டவில்லை. சாயந்திரம் மணி அடித்ததும் என்னை மட்டும் நிறுத்திவைத்தார். நான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே அழுதுவிட்டேன். பதினாறு வயதுத் தடியன், மீசை அரும்பியவன், சைன் தீட்டாவுக்காக அழுதேன்.

"டேய், அழாத. ஒன்பது வாங்குனவன் நாப்பது வாங்குவான். நாப்பது வாங்குனா போதும், மீதிய நான் பாத்துக்குறேன்" என்றார். அன்றிலிருந்து தினமும் அரைமணி நேரம். அதனால் அவருடைய பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போவார். நான் அதை நின்று பார்த்திருக்கிறேன்.

அப்படியும் எனக்குக் கணக்கு பிடிக்கவில்லை. இதை இப்போதும் சொல்லத்தான் வேண்டும். நல்லவர் சொல்லிக்கொடுத்தாலும் வேப்பங்காய் வேப்பங்காய்தான். ஆடி மாதம் முடிவதற்குள் குரூப் மாற்றிக்கொள்ளலாம், அப்பா நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று அறிவித்தார்கள். பத்து நாள் யோசித்தேன். யோசித்தேன் என்பதுகூடப் பெருமைக்குச் சொல்வது. பத்து நாளும் பயந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

கடைசியில் ஒருநாள் காலை அப்பாவிடம் சொன்னேன். அவர் பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். "ஏன்டா, இன்னா கஷ்டம்?" என்றார், சாதாரணமாகத்தான். 'எனக்கு வரலப்பா' என்கிற இரண்டு வார்த்தை வாயில் இருந்தது. அதைச் சொன்னால் அவர் முகம் என்ன ஆகும் என்று நினைத்தேன். சொன்னது வேறு.

"கணக்கு சார்தான்ப்பா சொல்லிட்டாரு. நெசவுக்காரப் பசங்களுக்கு எதுக்குடா ஃபர்ஸ்ட் குரூப்பு, உங்களுக்கெல்லாம் மண்டையில ஏறாதுன்னு."

இதை எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. முன்கூட்டியே யோசித்து வைத்தது இல்லை. அப்பா கோபத்தோடு ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார், அதோடு முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். என் கணக்கு எப்போது சரியாக வந்திருக்கிறது?

மறுநாள் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தார். கையில் ஒரு கிராப் சுருள். ஹெட்மாஸ்டர் மேசைமேல் அதை விரித்தார். அது சுருண்டுகொண்டே இருந்தது. ஹெட்மாஸ்டரே பேப்பர் வெயிட் வைத்தார். கணக்கு சாரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கையில் சாக்பீஸ் தூளோடு வந்து நின்றார்.

"இருபது வருஷமா கட்டம் போட்டுகினு கீறேன் சார். ஒண்ணு தப்பல" என்றார் அப்பா. குரல் உயரவில்லை. "எங்க பசங்களுக்கு மண்டையில ஏறாதுன்னு இவரு சொல்லிகிறாரு. இத ஒருதபா எண்ணிச் சொல்லட்டும், நான் போயிடுறேன்."

ஹெட்மாஸ்டர், "சொன்னீங்களா?" என்றார்.

"இல்லீங்க சார். நான் அப்படி எதுவும் சொல்லல."

"அப்ப பையன் பொய் சொல்றானா?"

சார் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் உண்மை தெரியும். அவர் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு, "பையன் பயந்துகினு இருந்தான் சார். நான் ஏதோ சொல்லப்போக, அவன் அப்படி எடுத்துக்கினு இருப்பான்" என்றார்.

"பாத்தீங்களா, ஒத்துக்கினாரு" என்றார் கூட வந்தவர்களில் ஒருவர்.

மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேட்டார். அப்பா நல்ல மனிதர், உடனே அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க தம்பி, எனக்கும் கோவம் வந்துடுச்சு" என்றார். என் மனுவில் சார் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டுவிட்டு மெதுவாக, "நேத்து குடுத்த நாலாவது கணக்கு போட்டுட்டியா?" என்று கேட்டார். பழக்கதோஷமோ என்னவோ. நான் போடவில்லை.

அப்பாவின் கோபம் அந்த அறையிலேயே தீர்ந்துவிட்டது. மற்றவர்களுக்குத் தீரவில்லை. கழகத்தில் பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள். அடுத்த திங்கட்கிழமை சார் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஃபர்ஸ்ட் குரூப்பில் அரையாண்டுவரை கணக்குக்கு ஆளே இல்லை. நான் காமர்ஸ் வகுப்பில் உட்கார்ந்து பற்று வரவு எழுதிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் வாத்தியார் இல்லாத வகுப்பின் இரைச்சல் கேட்கும். வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கம், நிம்மதியாகவும் இருந்தது.

நன்றாகத்தான் படித்தேன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. அப்பா அந்தக் கதையை என் கல்யாணத்தில்கூடச் சொன்னார். பிள்ளைக்காகப் பள்ளிக்கூடமே போய் நியாயம் கேட்ட கதை. கேட்கிறவர்கள் என் தோளைத் தட்டுவார்கள். நானும் சிரிப்பேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொல்லிவிடலாம் என்று ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "சாப்டியா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போய்விட்டேன். இப்போது அவர் இல்லை.

அவர் காரியம் முடிந்த பிறகுதான் தேசூர் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். சாருடைய அக்கா இருந்தார். சாரிடம் படித்தவன் என்று சொன்னதும் பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிவந்து போட்டார், டீ வந்தது. "வாத்தியார்கிட்ட படிச்சவரு வந்துகிறாரு" என்று தெருவுக்கே சொன்னார். ரெண்டு மாதம் பார்த்த வேலைதான். தெருவில் இன்னும் அவருக்குப் பெயர் வாத்தியார். பெங்களூரில் ஏதோ கட்டடத்தில் சூப்பர்வைசராம்.

"உங்க கூட படிச்ச ஒரு பையன் கணக்கு வரலன்னு அழுவானாமே, தெரியுமா?" என்றார் அக்கா. "அவன எப்படியாச்சும் பாஸ் பண்ண வெச்சிடணும்னு தம்பி சொல்லிகினே இருப்பான். அந்தப் புள்ள பாஸ் பண்ணிடுச்சா?"

"பாஸ் பண்ணிட்டான்க்கா" என்றேன்.

சாருடைய நம்பர் கொடுத்தார். எட்டு மாதம் போனிலேயே வைத்திருந்தேன். ஒருநாள் தைரியம் வந்து அடித்தபோது, அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றாள் ஒரு பெண். திரும்ப தேசூர் போனேன். வீடு பூட்டியிருந்தது. அக்காவை மகள் கூட்டிக்கொண்டு போய்விட்டாளாம், எந்த ஊர் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரியாகத் தெரியவில்லை.

"வந்தா சொல்றேன். நீங்க யாருன்னு சொல்லட்டும்?" என்று கேட்டார் அவர்.

"ஒண்ணும் இல்லீங்க. இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.