தங்கச்சி வீட்டுக் கார்

சொல்லிடறேன், எனக்கு வயித்தெரிச்சல்தான். மூடி மறைச்சுப் பேச எனக்கு வராது. எங்க கட்டடத்து வாசல்ல என் தங்கச்சி வீட்டுக் கார் வந்து நின்ன அன்னைக்குப் பத்திக்கிட்டது, இன்னும் அணைஞ்சபாடில்ல.

அவளும் நானும் ஒரே ஏஜெண்ட் மூலமா, ஒரே விமானத்துல, ஒரே மாதிரி பெட்டி கட்டிக்கிட்டு இந்த நாட்டுக்கு வந்தோம். அவங்க ரெண்டாவது மாடி, நாங்க மூணாவது. ரெண்டு வீட்டு ஆம்பளைங்களும் ஒரே குடோன்ல பெட்டி தூக்கினாங்க. நான் ஒரு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல போர்வை மடிச்சேன், அவ ஒரு பேக்கரியில பாத்திரம் கழுவினா. அதுவரைக்கும் எல்லாம் சமமாத்தான் இருந்துச்சு. சமமா இருக்கற வரைக்கும் அக்கா தங்கச்சிக்குள்ள சண்டை எங்கேருந்து வரும்?

என் வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லணும். ஊர்ல அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்ல. டிரைவர்தான். நானே கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் பேரைத் தெரிஞ்சுக்கிட்டேன். இருபது வருஷத்துக்கு மேல டவுன் பஸ். கியர் மேல ஒரு கைக்குட்டை, ஸ்டியரிங் மேல ஒரு கை, அவ்வளவுதான். ரெண்டு பக்கமும் கடையும் வண்டியும் மாடும் மனுஷனுமா நெரியற தெருவுல, எண்ணெய் போட்ட ஊசி மாதிரி அந்தப் பெரிய பஸ்ஸை நுழைச்சு எடுப்பாரு. யார் மேலயும் ஒரு கீறல் விழுந்ததில்ல. பஸ் முதலாளி வண்டியெல்லாம் வித்துட்டுக் கல்யாண மண்டபம் கட்டப் போனதாலதான் நாங்க இங்க வந்து சேர்ந்ததே.

தங்கச்சி வீட்டுக்காரர் ஜவுளிக்கடையில கணக்கு எழுதினவரு. நான் அவரைக் கணக்குப்பிள்ளைன்னுதான் சொல்லுவேன், முன்னாடி இல்ல, பின்னாடி. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதுசுல என் தங்கச்சிதான் அவரைப் பின்னாடி உக்கார வெச்சு மிதிச்சுக்கிட்டுப் போனா. தெருவே சிரிச்சுது.

அந்த மனுஷன் இங்க வந்து லைசென்ஸ் எடுத்துட்டாரு. முதல் தடவையிலயே! இங்கத்து ரோடு விதியை ஒண்ணாங்கிளாஸ் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிச்சிருக்காரு. கண்ணாடியைப் பாருன்னா தலையைத் திருப்பிப் பார்த்திருக்காரு. நில்லுன்னா நின்னிருக்காரு. தெரியாதவனுக்கு மறக்கறதுக்கு ஒண்ணுமில்ல பாருங்க, அதான் விஷயம்.

எங்க டிரைவர் தோத்துட்டாரு.

ஒரு முனை திரும்பறப்ப ஹார்ன் அடிச்சிருக்காரு. நம்ம ஊர்ல முனையில ஹார்ன் அடிக்காதவன் கொலைகாரன். இங்க அது மூஞ்சிக்கு நேரா கெட்ட வார்த்தை சொன்ன மாதிரியாம். நடைபாதையில போன ஆளு திரும்பி முறைச்சாராம், பக்கத்துல உக்காந்து பரீட்சை வெச்ச ஆபீசர் கையிலேருந்து பேனாவே விழுந்துடுச்சாம். இவரு வீட்டுக்கு வந்து கதையாச் சொன்னாரு. யானைக்கும் அடி சறுக்கும்னு நான் தேத்தினேன். தேத்திட்டு, "எல்லாம் அந்தக் கணக்குப்பிள்ளை கண்ணு பட்டது"ன்னும் சேர்த்துச் சொன்னேன். சொன்னதுல தப்பில்லன்னுதான் அப்ப நினைச்சேன்.

இந்த ஊரு பஸ்ஸோட முதுகுல ஒரு விளம்பரம் ஒட்டியிருந்துச்சு, டிரைவர் வேணும்னு. இங்கத்து லைசென்ஸ் முதல்ல இருக்கணும், மத்ததை அவங்களே சொல்லிக் குடுப்பாங்க. அதைப் பார்த்ததுலேருந்து மனுஷன் மனுஷனா இல்ல. குடோனுக்கு நடந்தே போகலாம், ஆனா பஸ்லதான் போவாரு. டிரைவருக்குப் பின்னாடி சீட்டா பார்த்து உக்காந்துக்கிட்டு அந்த டிரைவரோட காலையே பார்த்துக்கிட்டு வருவாரு. பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு, ராத்திரி புரண்டு படுக்க முனகுவாரு. அவருக்குத் தேவைப்பட்டது தைலம் இல்ல, ஒரு ஸ்டியரிங்.

ரெண்டாவது தடவை போனாரு. ஹார்ன் பக்கமே கை போகல. திருப்பம், ஏத்தம், நெருக்கடி எல்லாம் பிரமாதம். ஆபீசரே தலையாட்டிக்கிட்டு வந்தாராம். அப்பதான் வந்துச்சு ஒரு பஸ் ஸ்டாப். பையும் குடையுமா நாலஞ்சு பேர் நிக்கறாங்க. இவரு கை தானா இண்டிகேட்டரைப் போட்டுருச்சு, கால் தானா பிரேக்கை மிதிச்சுருச்சு. ஓரமா, அழகா, கோடு போட்ட மாதிரி கொண்டுபோய் நிறுத்திட்டாரு.

நிறுத்திட்டு விசிலுக்குக் காத்திருக்காரு.

"ஒரு அம்மா வந்து பின் கதவைத் திறக்கப் பார்த்துச்சுடி. அப்பதான் எனக்கு உறைச்சுது"ன்னு சொன்னாரு என்கிட்ட. சொல்றப்ப சிரிக்கப் பார்த்தாரு, முடியல. பஸ் நிக்கற இடத்துல வேற வண்டி நிறுத்தறது இங்க பெரிய குத்தம். அத்தோட தீர்ந்துச்சு. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான். அதுவும் போனா பாடத்துலேருந்து மறுபடி தொடங்கணும், அதுக்குள்ள பஸ் கம்பெனிக்காரன் ஆள் எடுத்து முடிச்சிருப்பான்.

மறுநாள் மாடிப்படியில என் தங்கச்சி எதுக்க வந்தா. "அக்கா, மாமா ஸ்டாப்புல நிறுத்திட்டாராமே!"ன்னு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சினாப்ல இருந்துச்சு எனக்கு. குடோன்ல சகலைங்க ரெண்டு பேரும் ஒண்ணாச் சாப்பிடறப்ப இவரே வாயை விட்டிருக்காரு. "உனக்குச் சிரிப்பா இருக்கும்டி. காருல போறவளாச்சே"ன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்கு ஏறிப் போயிட்டேன்.

காருன்னதும் ஞாபகம் வருது. வாராவாரம் சாமான் வாங்க அவங்க காருலதான் எங்களையும் கூட்டிட்டுப் போவாங்க. "நீங்க எதுக்குக்கா சுமந்துக்கிட்டு வரணும்?"ம்பா. என்ன தாராள மனசு! கணக்குப்பிள்ளை ஓட்டறது மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி இருக்கும், எறும்பு முந்திக்கிட்டுப் போகும். எங்க டிரைவர் பின்சீட்டுல உக்காந்து, முன்னாடி வண்டி வர்றப்பல்லாம் இல்லாத பிரேக்கை மிதிப்பாரு. காலுக்குக் கீழே இருக்கற மிதியடி நைஞ்சே போச்சு. என் தங்கச்சி முன்சீட்டுல உக்காந்துக்கிட்டு, கழுத்தைக்கூடத் திருப்பாம, "மாமா, சௌகரியமா இருக்கா?"ன்னு கேப்பா. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு வருவேன்.

ஒரு சாயங்காலம் கணக்குப்பிள்ளை மேல வந்தாரு. கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. இங்க லைசென்ஸ் இல்லாதவங்க பழகணும்னா லைசென்ஸ் இருக்கறவங்க பக்கத்துல உக்காந்திருக்கணும், அது சட்டம்.

"அண்ணே, நம்ம கார்தானே. லீவு நாள்ல நான் பக்கத்துல உக்காந்துக்கறேன், நீங்க ஓட்டிப் பழகுங்க"ன்னாரு.

இவரு வாயைத் திறக்கறதுக்குள்ள நான் சொல்லிட்டேன். "வேண்டாம் தம்பி. இருபது வருஷம் பஸ் ஓட்டினவருக்கு நீங்க சொல்லிக் குடுக்கற அளவுக்கு நாங்க இன்னும் கெட்டுப் போகல."

அந்த மனுஷன் முகம் சுருங்கிப் போச்சு. "சரிங்க அண்ணி"ன்னு இறங்கிட்டாரு. இவரு ஜன்னல் பக்கம் போய் நின்னுக்கிட்டாரு. எனக்கு அப்ப ரொம்பத் திருப்தியா இருந்துச்சு, ஏன் பொய் சொல்லணும்?

அதுக்கப்புறம் லீவு நாள் ஆனா இவரு நடக்கப் போறேன்னு கிளம்ப ஆரம்பிச்சாரு. இடுப்புக்கு நல்லதாம். எங்க பொண்ணும் கூடவே கிளம்புவா. கூப்பிட்டாக்கூட வாசப்படி தாண்டாத கழுதை, அப்பாவோட நடக்கப் போகுதாம். நானும் நம்பினேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை தையல் நூல் வாங்கப் போனவ, மூடிக் கிடக்கற ஒரு பெரிய மரச்சாமான் கடைக்குப் பின்னாடி வழியா குறுக்கே வந்தேன். அங்க வண்டி நிறுத்தற பொட்டல் ஒண்ணு இருக்கு, காலியாக் கிடக்கும். சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. தெரிஞ்ச சிரிப்பு. சுவரோரமா நின்னு எட்டிப் பார்த்தேன்.

தங்கச்சி வீட்டுக் கார். ஸ்டியரிங்ல எங்க டிரைவர். பக்கத்துல கணக்குப்பிள்ளை, ஜன்னல் வழியா கையை வெளிய விட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு, "ரைட், ரைட், போலாம் ரைட்!"னு கத்தறாரு. பொட்டலோட ஓரத்துல என் தங்கச்சி ஒரு குடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. அவ பக்கத்துல என் பொண்ணு, தோள்ல பை. ரெண்டு பேரும் பஸ்ஸுக்கு நிக்கறவங்க மாதிரி!

கார் கிட்ட வந்ததும் ரெண்டு பேரும் கையை ஆட்டறாங்க. "மாமா, நிறுத்துங்க மாமா! டவுனுக்குப் போகணும்!" "அப்பா, அப்பா, ஸ்டாப்புப்பா!" இவரு நிறுத்தாமப் போகணும், அதான் பயிற்சி. முதல் சுத்துல கால் பிரேக்குக்குப் போயிடுச்சு, கார் குலுங்கி நின்னுச்சு. நாலு பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. அடுத்த சுத்துல நேரா முன்னாடி பார்த்துக்கிட்டுத் தாண்டிப் போயிட்டாரு. என் தங்கச்சி குடையை ஓங்கிக்கிட்டுப் பின்னாடியே ஓடினா. "யோவ் டிரைவர், கண்ணு தெரியலையா?"ன்னு மாமாவையே திட்டறா. ஜன்னல் வழியா இவரு தலையை வெளிய நீட்டிச் சிரிச்சாரு.

அந்தச் சிரிப்பை நான் இந்த நாட்டுக்கு வந்ததுலேருந்து பார்த்ததில்ல. என் வீட்டுல, என் சமையலறையில, என் பக்கத்துல அவர் ஒரு தடவைகூட அப்படிச் சிரிச்சதில்ல. காரை வெச்சுக்கிட்டுப் போகட்டும், லைசென்ஸை வெச்சுக்கிட்டுப் போகட்டும், அதெல்லாம் தூசு. இதை எப்படி அவங்க எடுத்துக்கலாம்? நான் பெத்த பொண்ணுகூட அந்தப் பக்கம் நிக்குது. ஸ்டாப்புல நிக்கறதுக்கு என்னையும் ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே, எனக்கென்ன நிக்கத் தெரியாதா? வந்த வழியே திரும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து பாத்திரத்தை உருட்டின உருட்டுல கீழ்வீடே அதிர்ந்திருக்கும். அதிரட்டும், அங்கதான் யாரும் இல்லையே! இவரு வந்தாரு.

"நல்லா நடந்தீங்களா?"ன்னேன்.

"ம், நல்ல நடை"ன்னாரு, கண்ணைப் பார்க்காம. பொண்ணு தண்ணி குடிக்கிற சாக்குல உள்ள போயிட்டா. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறாங்களாம்! கேட்டிருக்கலாம். கேட்டா, நான் சுவரோரம் ஒளிஞ்சு நின்னது வெளிய வந்துடும். அதோட, நான் வாயைத் திறந்தா அந்தப் பழக்கமும் நின்னு போகும், இவருக்குப் பரீட்சை அடுத்த வாரம். வாயை மூடிக்கிட்டேன். நான் வாயை மூடறது எவ்வளவு பெரிய காரியம்னு எங்க சொந்தக்காரங்களைக் கேட்டாத் தெரியும்.

பரீட்சை நாளும் வந்துச்சு. காலையிலயே குளிச்சு, இருக்கறதுல நல்ல சட்டையா எடுத்துப் போட்டுக்கிட்டாரு. கணக்குப்பிள்ளைதான் காருல கூட்டிட்டுப் போறாருன்னு எனக்குத் தெரியும், அவரும் சொல்லல, நானும் கேக்கல. சலவைக்கூடத்துக்கு லீவு சொல்லிட்டேன். சமைச்சு மூடி வெச்சேன். பொண்ணு பள்ளிக்கூடம் போயிட்டா. கடவுளே, இந்த ஒரு தடவை அவரைக் கரையேத்திடுன்னு வேண்டிக்கிட்டு, கதவுகிட்டயே ஸ்டூலைப் போட்டு உக்காந்திருந்தேன்.

கார் சத்தம் கேட்டுச்சு. கதவு சாத்தற சத்தம். படியில செருப்புச் சத்தம், ரெண்டு ஜோடி. தாழ்ப்பாள்ல கை வெச்சுக்கிட்டு எழுந்து நின்னேன். முதல் மாடி. ரெண்டாவது மாடி. செருப்புச் சத்தம் நின்னு போச்சு.

அவங்க கதவு திறந்துச்சு. என் தங்கச்சி, "ஐயோ மாமா!"ன்னு ஒரு கத்து கத்தினா, சந்தோஷத்துல. கை தட்டினா. பாஸாயிட்டாருன்னு அப்படித்தான் எனக்குத் தெரிஞ்சுது, இன்னொருத்தி கைதட்டல்ல. அப்புறம் ஒரு சத்தம் வந்துச்சு. முதல்ல எனக்குப் புரியவே இல்ல. ஆம்பளை அழுகிற சத்தம். எங்க மாமனார் செத்தப்பகூட அழாத மனுஷன், தங்கச்சி வீட்டுல உக்காந்து தேம்பித் தேம்பி அழறாரு. "விடுங்கண்ணே, விடுங்க"ன்னு கணக்குப்பிள்ளை சமாதானம் பண்றாரு.

ரொம்ப நேரம் கழிச்சு மேல வந்தாரு. முகத்தைக் கழுவித் துடைச்சிருந்தாரு.

"பாஸ்"னாரு.

"கேட்டுச்சு"ன்னேன். அடக்க முடியல. "இன்னும் ஒரே ஒரு மாடி ஏறி வந்திருக்கக் கூடாதா? இந்த வீட்டுல ஒருத்தி காலையிலேருந்து கதவுகிட்டயே கிடக்கறா. என்னைவிட அவங்க ஒசத்தியாப் போயிட்டாங்களா?"

செருப்பை ஓரமா விட்டாரு. கோவமே இல்லாமப் பேசினாரு. அதுதான் எனக்குத் தாங்கல.

"தோத்தப்பல்லாம் உன்கிட்டதானே முதல்ல வந்தேன்"னாரு. "நான் தோத்தாலும் நீ அவனைத்தான் திட்டின. ஜெயிச்சாலும் அவனைத்தான் திட்டுவ. எனக்கு வண்டியைத் திருப்பிக் குடுத்தவன் அவன். இன்னைக்கு ஒரு நாளாவது, அவனை யாரும் திட்டாத வீட்டுல கொஞ்ச நேரம் உக்காரணும்னு தோணுச்சு."

பேச்சுக்குப் பேச்சு பதில் வெச்சிருக்கற வாய் எனக்கு. அன்னைக்குத் தட்டை எடுத்து வெச்சேன். சோத்தைப் போட்டேன். மறுபடி கேட்டாரு, போட்டேன், அதையும் ஒரு பருக்கை விடாமச் சாப்பிட்டாரு. அப்ப அவங்க வீட்டுல ஒண்ணும் சாப்பிட்டிருக்கல. அந்தப் பசியையாவது எனக்குன்னு வெச்சிருந்தாரே.