ஆடிய நட்சத்திரம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் ‘கோட்டக்கா’ என்று பெயர். பக்கத்துக் குட்டி விண்மீன் மண்டலங்களில் உள்ள கிழட்டு நட்சத்திரங்களின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால், நடுநடுவே கறுப்புக் கோடுகள் தெரியும். அவற்றை அளந்து, இரும்பு எவ்வளவு, பேரியம் என்ற உலோகம் எவ்வளவு என்று சொல்வது அவள் வேலை.

ஒரு நட்சத்திரத்தில் இரும்பு பெயருக்குத்தான் இருந்தது. பேரியமோ கொட்டிக் கிடந்தது. ஆதிகால நட்சத்திர வெடிப்பு ஒன்று விட்டுப்போன பேரியம் என்று ஆய்வுக்கூடத் தலைவரான பேராசிரியர் துள்ளினார். அவளுக்கு மட்டும் உறுத்தல். இரண்டு முறை பார்த்ததில் நட்சத்திரத்தின் வேகம் கொஞ்சம் மாறியிருந்தது.

“பக்கத்துல இன்னொரு நட்சத்திரம் இருந்து இழுக்குதோ என்னவோ, சார். பேரியத்தை அதுவே கொட்டியிருக்கலாம்.”

“கருவி லேசா ஆடியிருக்கும். விடும்மா.”

சந்தேகத்தை அவள் மின்னஞ்சலிலும் எழுதி அவருக்கு அனுப்பினாள்.

கட்டுரை வந்தது, அவருக்குப் பரிசும் வந்தது. எட்டு மாதம் கண் எரிய அளந்தவள் பெயர் எங்கேயும் இல்லை. போய்க் கேட்டாள்.

“அளந்து குடுக்கறவங்க பேரெல்லாம் போட்டா பக்கம் பத்தாதும்மா,” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. வேலையை விட்டு ஒரு சின்னக் கல்லூரியில் சேர்ந்தாள். ஆண்டுதோறும் விண்ணப்பம் போட்டு, பெரிய தொலைநோக்கியில் ஒரு மணி நேரம் வாங்கி, அதே நட்சத்திரத்தைப் பார்த்தாள். ஆறு வருஷம்.

“நம்ம கல்யாண நாள் உனக்கு மறந்துடுது. நட்சத்திரம் பார்க்கற தேதி மட்டும் மறக்க மாட்டேங்குது,” என்றார் கணவர். அவள் சிரிக்கவில்லை.

நட்சத்திரம் முன்னும் பின்னுமாக ஆடுவது உறுதியானது. கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று தன் பேரியத்தை அதன்மேல் கொட்டியிருந்தது. ஆதிகால வெடிப்பு வெறும் கதை.

அதைச் சொல்ல, பேராசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாநாடாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். அவள் பேசி முடித்ததும் அவர் எழுந்தார்.

“என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா.”

இதைத்தான் கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த படமாக, கட்டுரை வருவதற்கு முன்பே அவருக்கு அனுப்பிய அந்த மின்னஞ்சலைத் தேதியோடு திரையில் போட்டாள்.

“சொன்னேன் சார்.”

அவர் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்தார். அடுத்த மாதம் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

“இப்பவாவது மனசு ஆறிச்சா?” என்று கேட்டார் கணவர்.

“இல்ல. அவரோட மத்த கட்டுரைகள்ல இன்னும் பதினொரு நட்சத்திரம் இருக்கு,” என்றவள், முதலாவதற்கான விண்ணப்பத்தை நிரப்ப ஆரம்பித்தாள்.