தண்ணீரில் நடக்க ஒரு வீடு

"என்னம்மா இது, புதுசாக் கல்யாணம் ஆனவங்க மாதிரி கையைக் கோத்துக்கிட்டே வர்றீங்க?" என்று வீட்டுக்காரம்மா சிரித்தாள்.

அவளும் சிரித்து வைத்தாள். கையை விட்டால் புருஷன் அங்கேயே விழுந்துவிடுவார் என்று எப்படிச் சொல்வது? ஹாலுக்குள் நுழைந்ததும் அவர் சுவரோரம் போய்ச் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டார். பார்க்கிறவர்களுக்கு, வீட்டை எடை போடுகிற மனிதர் மாதிரிதான் தெரிந்திருக்கும்.

அவள் ஒரு பேக்கரியில் கேக்குக்கு மேலே க்ரீமில் பூப் போடுகிறவள். அவர் டைல்ஸ் போடுகிறவர். குனிந்தே காலம் தள்ளியவர், ஒருநாள் சாரத்திலிருந்து சறுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். எலும்பு கூடியது, வலது கால் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. "தண்ணிக்குள்ள தினம் நடக்கவிடுங்க, உடம்போட பாரத்தைத் தண்ணி தாங்கிக்கும்" என்றாள் ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுத்த அம்மா. பொது நீச்சல்குளமோ ரெண்டு பஸ் மாறிப் போகிற தூரம். அதனால்தான் சக்திக்கு மீறி, குளம் வைத்த அடுக்குமாடியில் வீடு தேடினாள்.

"உடம்பு முடியாதவங்க யாரும் இல்லையே?" என்றாள் வீட்டுக்காரம்மா. "முன்னாடி குடியிருந்த நோயாளியால அசோசியேஷன்ல எனக்கு ஒரே பேச்சு."

"சேச்சே, யாரும் இல்லைங்க" என்று வாய் முந்திக்கொண்டது.

குடிவந்த நாளிலிருந்து அந்தப் பொய் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. காலிங்பெல் அடித்தால் பகீரென்றது. காலை ஷிப்ட் முடிந்து ஓட்டமாய் வந்து, எல்லாரும் வேலைக்குப் போயிருக்கும் மத்தியான நேரத்தில் அவரைக் குளத்துக்கு இறக்குவாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அவர் ஆழமில்லாத பக்கம் நடப்பார். இடுப்பளவுத் தண்ணீரில் அவளும் கூடவே போவாள். அவளுக்கு நீச்சல் தெரியாது.

"இந்தத் தரையைப் போட்டவன் எவன்? மட்டம் பாக்கவே தெரியலையே" என்பார் அவர், காலால் தடவிப் பார்த்து.

"மெதுவாப் பேசுங்க. அந்தம்மா பாக்கறாங்க."

மூன்றாம் மாடி பால்கனியில் வயதான ஒரு அம்மா தினமும் வந்து நின்றாள். சிரிப்பு கிடையாது, தலையசைப்பு கிடையாது. கண்ணெடுக்காமல் பார்வை மட்டும். போட்டுக்கொடுக்கத்தான் பார்க்கிறாள் என்று இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒருநாள் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "கம்பியை விட்டு நாலு எட்டு வெச்சுப் பாக்கறேன்" என்றார். வேண்டாம் என்பதற்குள் விட்டுவிட்டார். தரை சரியும் இடத்தில் வலது கால் மடங்கியது. சத்தமே இல்லை. தலை இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் சுழித்தது.

அவள் ஒரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு, மறு கையால் துழாவினாள். சட்டைக் காலர் சிக்கியது. இழுத்தால் வரவில்லை. தண்ணீர் வாய்க்குள் போனது.

"கம்பியை விடாதே! விட்டா நீயும் போயிடுவே!" மேலேயிருந்து ஒரு குரல். அடுத்த நொடி அதே குரல் கட்டிடமே அதிர வாட்ச்மேனைக் கூப்பிட்டது. வாட்ச்மேன் இலை அள்ளுகிற நீளக் கழியோடு ஓடிவந்து நீட்டினார். தடுமாறி மேலே வந்த புருஷன் அதைப் பிடித்துக்கொண்டார். கரையேறி இருமினார், இருமினார், அப்புறம் "பாதிதான் குடிச்சேன், குளத்துல மிச்சம் இருக்கு" என்றார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

சாயங்காலம் பெல் அடித்தது. வீட்டுக்காரம்மாவும், அவளுக்குப் பின்னால் படியிறங்கி வந்து மூச்சு வாங்கிய மூன்றாம் மாடி அம்மாவும்.

"என்கிட்ட மறைச்சுட்டியே" என்றாள் வீட்டுக்காரம்மா.

"சொன்னா வீடு குடுத்திருப்பீங்களா?"

மூன்றாம் மாடி அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நடக்கறது தப்புன்னு யாரு சொன்னா? நீச்சல் தெரியாத ரெண்டு பேரு தனியா இறங்கறீங்களே, அதுதான் தப்பு. தினம் உங்களைப் பாத்துட்டு எனக்குச் சோறு இறங்கலை. என் முழங்காலை வெச்சுக்கிட்டு மூணு மாடி எப்போ இறங்கறது, எப்போ தூக்கறது?"

இத்தனை நாள் தன்னைப் போலவே அந்த மனுஷியும் பயந்துகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் இவளுக்கு உறைத்தது. தலை நிமிரவில்லை.

வீட்டுக்காரம்மா இளகினாலும் இறுக்கமாகத்தான் பேசினாள். "நீ நீந்தக் கத்துக்கோ. அதுவரைக்கும் அவர் இறங்கக்கூடாது. இன்னொரு பொய் சொன்னா காலி பண்ணிடணும்."

நாற்பதைத் தாண்டிய அவள், அதே குளத்தில் நடக்கும் சின்னப் பிள்ளைகள் நீச்சல் வகுப்பில் போய் நின்றாள். முகத்தைத் தண்ணீரில் வைக்கவே பல நாள் ஆயிற்று. வைத்த ஒவ்வொரு முறையும் அந்தச் சுழிப்பு கண்ணில் வந்தது. பால்கனியிலிருந்து, "காலை அடி! கையை வீசு! முருங்கைக்காய் மாதிரி விறைக்காதே!" என்று உத்தரவுகள் வந்தன. குளத்தைக் குறுக்கே கடந்த அன்று அவள் முதலில் பார்த்தது அந்தப் பால்கனியைத்தான்.

அவர் மறுபடி இறங்கினார். மெல்ல மெல்லக் கால் வழிக்கு வந்தது. டைல்ஸ் கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது. ஊன்றுகோலோடு அவர் தனியாக வேலைக்குப் போன முதல் நாள், போனைப் பேக்கரியின் மாவு மேஜையிலேயே வைத்துக்கொண்டு அவள் வேலை பார்த்தாள். அது அடித்தது.

"வந்து சேர்ந்துட்டேன்."

"சரி சரி, வைங்க, எனக்கு வேலை கிடக்கு" என்று வெட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த மாவு மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.